முடிவைச் சொல்லச் சொன்ன வாசகர்

புதிதாக வந்த நாவல், கட்டுரை, வரலாறு, பயண நூல் என்று இத்தனை இருக்கும்போது, எதிரே வந்து நிற்கும் ஆளுக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று நீங்கள் இருவரும் கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தின் தமிழ்ப் பிரிவுக்கு மறுபடியும் ஆள் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாழ்த்துச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய் சொல்லி உங்களை வரவேற்க மனம் வரவில்லை. நீங்கள் வந்து சேர்ந்திருப்பது கூட்டம் கலைந்துகொண்டிருக்கும் இடத்துக்கு. சுங்கை லாலாங், சிடாம் கிரி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து புத்தகம் எடுத்துப் போனவர்களில் பலர் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புதுப் புத்தகங்கள் பசை வாசனை போவதற்குள் அலமாரியிலேயே பழசாகிவிடுகின்றன.

எண் ஒட்டுவது, கணினியில் ஏற்றுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிட வயதில் சின்னவர். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. நான் வருகிறவர்களிடமெல்லாம் "உங்களுக்கு என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்பதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "பிடித்தது எது என்று கேட்டால் எல்லோரும் மரியாதையான பதிலைத்தான் சொல்வார்கள். எதைப் பாதியில் மூடி வைத்தார்கள் என்று கேளுங்கள். அப்போது ஆள் யார் என்று தெரியும்." அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். புத்தகத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

டயாலிசிஸ் மையத்துக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். அது ஊருக்குள் ஒரு தாமானில், வீடமைப்புப் பகுதியில், கடை வீடுகளின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அரைநாள், சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வரும். சுவரில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வருகிறவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம். சர்க்கரை இல்லாத வீடு நம்மிடம் ஏது?

சின்னத் தள்ளுவண்டி ஒன்றில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு போவேன். முதல் நாளே அடி வாங்கினேன். நோயையும் உடம்பையும் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரைத் தொகுப்பு அப்போதுதான் வந்திருந்தது. அருமையான நடை. இவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அதை மேலே வைத்திருந்தேன். ஓர் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "இத நாங்க வேற படிக்கணுமா? இங்க படுத்திருக்கிறதே பத்தலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடித்த நாவல்களும் உதவவில்லை. ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும். அதை அசைக்க முடியாது. மறு கையால் தூக்கிப் பிடிக்க முடிகிற கனம்தான் அங்கே புத்தகம். எவ்வளவு பேசப்பட்ட நூலாக இருந்தாலும் அந்தக் கை தாங்காவிட்டால் அதனால் அங்கே பிரயோசனம் இல்லை.

கோபால் அண்ணனை அங்கேதான் பார்த்தேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மனைவி இல்லை, ஒரே மகள் கவிதா, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எதைப் பாதியில் வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அப்போது பரிசெல்லாம் வாங்கியிருந்த ஒரு நாவலைச் சொன்னார்.

"ஏண்ணே, நல்ல நாவலாச்சே?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா எனக்குத் தெரிஞ்ச கஷ்டத்த எனக்கே திருப்பிச் சொல்றான். எனக்கு எதுக்கு லா அது? யாராச்சும் யாரையாச்சும் கொன்னிருக்கணும், யாரு கொன்னான்னு நான் கண்டுபிடிக்கணும். அந்த மாதிரி குடு தங்கச்சி."

துப்பறியும் நாவல்களாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் பாதி தாண்டுவதற்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி அமீது பாயுடையது. நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கடல் பயணம், வாணிக வரலாறு, யாருடையதாவது வாழ்க்கைக் கதை, இவற்றைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "நடக்காத விஷயத்தப் படிச்சு என்னம்மா செய்ய?" என்பார். கோபால் அண்ணன் சிரிப்பார். "நடந்ததப் படிச்சு மட்டும் என்ன செஞ்சீங்க பாய்? ரெண்டு பேரும் இங்கதானே படுத்திருக்கோம்?"

பிறகு கோபால் அண்ணனின் கண்ணில் ரத்தம் கசிந்தது. சர்க்கரைதான். ஒரு கண் போய், மற்றதிலும் நிழல் மட்டுமே தெரிந்தது. அப்போது அவர் கையில் இருந்தது புதிதாக வந்த ஒரு நாவல். மலையடிவார ஊர் ஒன்றின் பஸ் டிப்போவில் கண்டக்டர் ஒருவன் செத்துக் கிடக்கிறான். டிப்போவில் இருக்கிற எல்லோருக்கும் அவன்மேல் கோபம். வண்டியோட்டிக்குப் பிடிக்கும் என்று நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். கவிதா போனில் கதை வாசிக்கும் சானல்களைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். இந்த நாவல் அதில் எதிலும் இல்லை. மற்றக் கதைகளைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இந்தப் பொம்பள தூங்கிக்கிட்டே படிக்குது" என்று அணைத்துவிட்டார்.

ஒருநாள் நான் வண்டியோடு போனபோது, அமீது பாய் ஒற்றைக் கையால் அந்த நாவலைப் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். "பொய்யின்னு தெரிஞ்சுதான் படிக்கிறேன் தங்கச்சி. இவனுக்காக."

கொஞ்ச நாளில் அது இவனுக்காக மட்டுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. கட்டைவிரலால் பக்கம் திருப்பி, மூச்சு வாங்கி வாங்கி வாசிப்பார். பக்கத்தில் இருக்கிறவர்களும் காது கொடுப்பார்கள். டிப்போ மேனேஜர்தான் கொன்றான் என்று கோபால் அண்ணன் சாதித்தார். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "டிக்கட் கட்டு எண்ணுற அந்தக் கிளார்க்குதான். எவ்வளவு பேசாம இருக்கான் பாரு. கடையில எனக்கு அப்படி ஒருத்தன் இருந்தான்." இரண்டு பேரும் போட்ட சண்டையில் நர்ஸ் வந்து, பிரஷர் ஏறுகிறது என்று மிரட்டிவிட்டுப் போவார். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு புத்தகம் அப்படி வாசிக்கப்பட்டதை வேறெங்கும் பார்த்ததில்லை.

நாவல் முக்கால்வாசி வந்திருந்தபோது பாயின் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அடுத்த முறை நான் போனபோது அந்த நாற்காலியில் ஒரு சீனப் பாட்டி படுத்திருந்தார். அங்கே நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது. காத்திருக்கிறவர்கள் அவ்வளவு பேர். நாவல் கோபால் அண்ணனின் வயிற்றின் மேல் கிடந்தது. பாய் எந்தப் பக்கத்தில் நிறுத்தினாரோ அந்தப் பக்கத்தில் விரலை விட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். புத்தகத்தை என் பக்கம் நீட்டி, "சரி" என்றார்.

அந்த வாரமே கவிதா நூலகத்துக்கு வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். தமிழ் அலமாரிப் பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆன்ட்டி, அப்பா டயாலிசிஸ நிறுத்திடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்காராம். என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அங்க இருக்கிற நர்ஸ் மிஸ்ஸிதான் சொன்னாங்க. இந்தக் கதை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு அவங்ககிட்ட சொன்னாராம்." என் கையைப் பிடித்தாள். "நீங்க மெதுவா படிங்க ஆன்ட்டி. முடிக்காதீங்க. பிளீஸ் லா."

அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நானே படிச்சுக் காட்டியிருப்பேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலாய் ஸ்கூலுக்குப் போனாத்தான் நல்ல கெர்ஜா, நல்ல வேல கெடைக்கும்னு அப்பாதான் சேத்தாரு. கெடைச்சது. அவருக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்ட முடியல."

நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "பாக்கிறேன்மா" என்றேன். அதை அவள் வாக்காக எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் நான் மெதுவாகத்தான் வாசித்தேன். நடுநடுவே வேறு புத்தகங்களை நுழைத்தேன். ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதியவருடைய பயண நூல். பறவைகளைப் பற்றிய கட்டுரைகள். இங்கே நம் நாட்டிலேயே எழுதப்பட்ட புதிய சிறுகதைகள். பயண நூலைக் கேட்டு, "சாப்பிடக்கூடாதவன்கிட்ட வந்து சாப்பாட்டப் பத்தி படிக்கிறியே" என்றார். பறவைக் கட்டுரைகள் மட்டும் அவருக்குப் பிடித்தன. செம்பனைத் தோட்டத்துக்குள் விடியற்காலையில் ஆந்தை ஒன்று லாரி விளக்கில் வந்து முட்டியதைச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது. இவரை இப்படியே, ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். பரிந்துரைக்கிற வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த எண்ணம் சீக்கிரம் வந்துவிடும். உங்களுக்கும் வரும்.

ஒருநாள் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, நான் இத்தன வருஷம் லோரி ஓட்டினவன். நீ ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டுப் போறது எனக்குத் தெரியாதா? கவிதா வந்து சொன்னாளா?"

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன்.

"முடிவச் சொல்லு. யாரு கொன்னது?"

"சொன்னா அடுத்த வாரம் வருவீங்களாண்ணே?"

"வரமாட்டேன்." சற்றும் தயங்கவில்லை. "டாக்டருகிட்ட எல்லாம் பேசியாச்சு. அவரும் என்ன ஆகும்னு ஒளிக்காம சொல்லிட்டாரு. எனக்கு பயம் இல்ல. அலுத்துப்போச்சு. கண்ணு போச்சு, கால் விரல் போச்சு, பாயும் போயிட்டாரு. இந்த மிஷினுக்காக மட்டும் எந்திரிச்சு எந்திரிச்சு வரேன்."

எங்கள் தொழிலில் முடிவைச் சொல்லக்கூடாது என்பது பாலபாடம். அது சுவாரஸ்யம் கெடக்கூடாது என்பதற்காக வைத்த விதி. இங்கே அதற்கு என்ன அர்த்தம்? சொல்லாமல் இருந்தால் இன்னும் சில வாரம் அவர் மூச்சு விடுவார். ஆனால் தன் விருப்பத்துக்கு இல்லை, என் தந்திரத்துக்கு. சொன்னால், ஒரு பெண் என்னை நம்பிக் கேட்டதை நானே உடைக்கிறேன். யோசனை கேட்க எனக்கு அங்கே ஆள் இல்லை. நர்ஸ் அந்தப் பக்கம் யாருக்கோ ஊசி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் என் பக்கம் திரும்பியே இருந்தது.

"ஒண்ணு சொல்றேண்ணே," என்றேன். "மொதல்ல கவிதாகிட்ட உங்க வாயால சொல்லுங்க. அவளுக்குத் தெரியாம நான் முடிச்சுக் குடுக்கமாட்டேன். அவகிட்ட சொல்லிட்டீங்கன்னா, மிச்சத்த வேகமா படிக்கிறேன். ஒரு வரி விடாம."

அவர் முகம் சுருங்கியது. மகளிடம் சொல்வதுதான் அவருக்குச் சிரமம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைத் தள்ளிப்போடத்தான் அவரும் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "சூசா லா" என்றார். கஷ்டம் என்று. பிறகு, "சரி" என்றார்.

வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை கவிதா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை. அப்பாவின் ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தாள். வாசிக்கட்டுமா என்று நான் அவளைத்தான் கேட்டேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன்தான், "படி தங்கச்சி" என்றார்.

வாசித்தேன். கடைசி அத்தியாயங்கள் நீளம். சீனப் பாட்டி தூங்கிப்போனார். நடுவில் நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொன்றது டிக்கட் கட்டு எண்ணுகிற கிளார்க். அந்த வரியை நான் வாசித்ததும் கோபால் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாய்தான் லா ஜெயிச்சாரு! அப்பவே சொன்னாரு. நான்தான் கேக்கல."

சிரித்த முகம் அப்படியே நின்றது. பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பி, "அவருகிட்ட சொல்ல முடியலையே" என்றார்.

கவிதா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

நான் அப்போது ஒரு காரியம் செய்தேன். செய்யலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. என் வண்டியில் அந்த வாரம் வந்த புது நாவல் ஒன்று இருந்தது. மெல்லிய புத்தகம். துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது, அதில் ஆட்கள் யாருமே இல்லை என்று தொடங்கும். கதையும் மர்மமும் கோபால் அண்ணனுக்கு; கடலும் பழைய வாணிகமும் பாய்க்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியது போல இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்து, கதை எப்படி ஆரம்பிக்கிறது, யார் யாரெல்லாம் வருகிறார்கள், எந்த இடத்தில் நமக்கு மூச்சு நின்றுபோகிறது என்று சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தைப் பற்றி அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. கவிதாகூட நிமிர்ந்து கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு வந்ததைப் பார்த்தேன்.

கோபால் அண்ணன் முழுக்கக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை.

"நல்லா இருக்கும் போல இருக்கு தங்கச்சி," என்றார். "வேற யாருக்காச்சும் குடு."

அதன்பின் அவர் வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் நான் வண்டியோடு போனபோது அவர் நாற்காலியிலும் வேறு ஆள். செய்தி வந்ததும் வீட்டுக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. பழைய லாரிக்காரர்கள் சிலர் கூடாரத்துக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாட்களில் வலியில்லாமல் பார்த்துக்கொண்டார்கள், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். கவிதா வாசலில் நின்றிருந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் மெதுவா படிச்சிருக்கலாம்ல ஆன்ட்டி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும்.

பிறகு அந்த மலாய் அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவருக்குப் பின் வந்தவர், மையத்துக்குப் போகிற நேரத்தில் நூலகத்தில் ஆள் இல்லாமல் போகிறது என்று தள்ளுவண்டியை நிறுத்தினார். நியாயம்தான், ஆனால் அந்த நேரத்தில் நூலகத்தில் யாரும் என்னைத் தேடி வரவும் இல்லை. ஓய்வு பெறும்வரை கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். புதிது புதிதாக நல்ல நூல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அறிவியல், நினைவுக் குறிப்புகள், மொழிபெயர்ப்புகள், இளம் எழுத்தாளர்களின் முதல் நாவல்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். யார் வந்தால் எதைக் கொடுப்பது என்று மனத்துக்குள் தயாராகவே வைத்திருந்தேன். சில நாள் ஒருவர்கூட வரமாட்டார்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை அதே இடத்தில் நின்றாலும் மகளிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதனால் அது சரியாகிவிடுமா என்ன? நல்ல புத்தகம் ஆளைப் பிடித்து நிறுத்திவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். நான் நம்பிய அளவுக்கு இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அது நிறுத்தவில்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக எடுத்துச் சொன்னாலும், ஒருவர் வேண்டாம் என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள். புத்தகத்தை வாங்கித் திரும்ப வண்டியில் வையுங்கள். இதைத் தவிர உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை.

போன மாதம் ஊரில் ஒரு பேரங்காடியில் கவிதாவைப் பார்த்தேன். காய்கறிப் பக்கம் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று அங்கேயே நின்று யோசித்தேன். கீரையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.